ஐவி லீக்கில் ஐவி எங்கே?

கரிசல்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

மகள் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸில் எம்.எஸ். படிக்கிறாள். போன அக்டோபரில் நானும் வீட்டம்மாவும் போயிருந்தோம். பிரின்ஸ்டன் பக்கத்தில்தான் என்று ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். ஊரில் எவனைக் கேட்டாலும் பிரின்ஸ்டன், ஹார்வர்டு மாதிரிப் பெரிய பல்கலைக்கழகங்களை ஐவி லீக், ஐவி லீக் என்கிறானே, ஐவி என்றால் சுவரில் ஏறும் கொடியாச்சே, கட்டிடமே தெரியாத அளவுக்குக் கொடி மூடிக் கிடக்கும் என்று நினைத்துப் போனேன். நசாவ் ஹால் என்று 1756இல் கட்டிய பழைய கட்டிடம், வாசலில் இரண்டு வெண்கலப் புலிகள். அங்கே கொடி உண்டு. மற்றபடி நான் பார்த்த பல சுவர்கள் மொட்டை. கொடி மண்டியிருந்த வேறொரு கட்டிடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தேன். திராட்சை இலை மாதிரி மும்முனை இலை, பாதி சிவந்து உதிரத் தயாராக இருந்தது. நசாவ் ஹால் சுவரில் ஆண்டு பொறித்த சிறு கற்கள் வரிசையாகப் பதித்திருந்தன. அது எதற்கு என்று மகளுக்கும் தெரியவில்லை.

மூன்று கேள்வி. அது என்ன கொடி? அதன் பேரை ஏன் கல்லூரிகளுக்கு வைத்தார்கள்? சுவர் பாழாகாதா? எங்கள் ஊர்க் கோபுரத்தில் ஓர் அரசங்கன்று முளைத்ததைப் பிடுங்கக் கும்பாபிஷேகம் வரைக்கும் காத்திருந்தோம். அதற்குள் அது கல்லையே நகர்த்திவிட்டது.

சும்மா_வந்தவன்

அண்ணே, அது செடியே கிடையாது. ரோமன் எண்ணில் நாலு எழுதினால் ‘ஐ’யும் ‘வி’யும் வரும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா நாலும் சேர்ந்து விளையாட்டுப் போட்டி நடத்தின. நாலாம் நம்பர் லீக். அதைத்தான் ‘ஐவி’ என்று படித்துவிட்டார்கள். செடிக் கதை பின்னால் ஒட்டவைத்தது.

கோட்டைவாசல்

தம்பி, ஒட்டவைத்தது உங்கள் கதைதான். நாலு கல்லூரி லீக் என்று ஒன்று அந்தப் பெயரில் இருந்ததற்கு ஆவணம் கிடையாது. அச்சில் இருப்பது இது: 1933 அக்டோபரில் நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூனில் ஸ்டான்லி உட்வார்டு என்ற விளையாட்டு எழுத்தாளர் கால்பந்து பற்றி எழுதும்போது கிழக்குப் பக்கத்து ‘ஐவி கல்லூரிகள்’ என்கிறார். ‘ஐவி லீக்’ என்ற சேர்க்கை 1935 பிப்ரவரியில் பத்திரிகையில் வந்துவிட்டது. அப்போது அப்படி ஓர் அமைப்பே இல்லை. பேர்தான் முதலில் பிறந்தது, பிள்ளை பிறகு. 1945இல் கால்பந்துக்கு மட்டும் ஓர் ஒப்பந்தம், 1954இல் எல்லா விளையாட்டுக்கும். பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மத், ஹார்வர்டு, பென் (பென்சில்வேனியா பல்கலைக்கழகம்), பிரின்ஸ்டன், யேல் என்று எட்டு.

விளையாட்டுக்கான கூட்டணி என்பதையும் கவனியுங்கள். அதிலும் வேடிக்கை, விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை தரக்கூடாது என்பது அவர்கள் விதி.

கரிசல் அண்ணன் மகள் படிக்கும் ரட்கர்ஸ் 1766. டார்ட்மத்துக்கு (1769) அக்கா. கார்னெலுக்கோ (1865) பாட்டி. ஆனால் லீக்கில் இல்லை. வயதை வைத்து சேர்த்தார்கள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்

இதை மகளிடம் சொன்னேன். “அப்பா, இதை எங்க டிப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போடறேன்” என்று குஷியாகிவிட்டாள். கோட்டைவாசல் சாருக்கு நன்றி. கொடியைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே.

ஓய்வு_வாத்தியார்

முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலை சிவந்து உதிரத் தயாராக இருந்தது என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. நீங்கள் பார்த்தது ஐவியே இல்லை. உண்மை ஐவி, ஹெடிரா ஹெலிக்ஸ், பசுமை மாறாத கொடி. பனி கொட்டினாலும் பச்சையாகவே நிற்கும். ஜின்செங் இருக்கும் அராலியேசி குடும்பம், பிறப்பிடம் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும். நீங்கள் பார்த்தது பாஸ்டன் ஐவியாக இருக்க வேண்டும். தாவரவியல் பெயர் பார்த்தெனோசிஸஸ் டிரைகஸ்பிடேட்டா. திராட்சைக் குடும்பம். அதனால்தான் இலையைப் பார்த்ததும் உங்களுக்குத் திராட்சை நினைவு வந்தது, கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. பேரில் பாஸ்டன் இருந்தாலும் ஊர் ஜப்பான், கொரியா, சீனா.

இரண்டும் சுவரைப் பிடிக்கும் விதமே வேறு. உண்மை ஐவிக்கு நம் மிளகு, வெற்றிலைக் கொடிகளைப் போலத் தண்டிலிருந்து பற்றுவேர்கள் வரும். அந்த வேர்த்தூவிகளிலிருந்து பிசின் கசியும். டார்வினே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்தப் பிசினுக்குள் நானோ அளவிலான உருண்டைகள் இருப்பதை டென்னசி பல்கலைக்கழகத்தார் 2008இல் கண்டுபிடித்தார்கள். பாஸ்டன் ஐவியில் பற்றுவேர் இல்லை. பற்றுக்கம்பி கிளைத்து, ஒவ்வொரு நுனியிலும் பல்லியின் விரல் போல வட்டமான ஒட்டுத்தட்டு உண்டாகும். இதன் அமெரிக்கப் பங்காளி வர்ஜீனியா கிரீப்பர். அதன் பற்றுக்கம்பியில் பத்து வருஷமாவது ஆன, காய்ந்த ஒரேயொரு கிளை ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கியது என்று டார்வின் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது ஆண்டைப் பாருங்கள். பாஸ்டன் ஐவி ஜப்பானிலிருந்து மேற்கு நாட்டுத் தோட்டங்களுக்கு வந்ததே 1860களில்தான். இங்கிலாந்துக்கு வீட்ச் என்ற நாற்றங்கால் குடும்பம் 1862இல் கொண்டுவந்தது. ஹார்வர்டு தொடங்கியது 1636. தொன்மையின் அடையாளமாக நாம் படத்தில் பார்க்கும் அந்தச் சிவப்புப் போர்வை, கல்லூரி பிறந்து இருநூறு வருஷத்துக்குப் பிறகு வேறொரு கண்டத்திலிருந்து வந்து ஏறியது.

சும்மா_வந்தவன்

அப்ப நான் சொன்னதும் பொய், அவங்க சொல்றதும் பொய். டிரா.

மாடித்தோட்டக்காரி

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். அம்பத்தூரில் மாடியில் ஐவி என்று சொல்லி நர்சரியில் வாங்கிய தொட்டி ஒன்று இருக்கிறது. வெள்ளை ஓரம் போட்ட அழகான இலை. தை, மாசியில் ஜம்மென்று இருக்கும். சித்திரை வந்தால் ஓரம் கருகித் தொங்கிவிடும். தண்ணீர் தாராளமாகத்தான் விடுகிறேன். இது மூன்றாவது செடி.

இன்னொன்றும் கேட்கணும். நம்ம ஊரில் ஆளாளுக்கு ஒன்றை ஐவி என்கிறார்கள். மணி பிளான்ட்டுக்கு இங்கிலீஷில் டெவில்ஸ் ஐவி என்று பேராம். காம்பவுண்டு சுவரில் அட்டை மாதிரி ஒட்டிப் படருமே, பொடி இலை, அதை ‘இந்தியன் ஐவி’ என்று விற்கிறார்கள். போன வாரம் காய்கறி ஆப்பில் கோவைக்காய் தேடினால் ‘ஐவி கார்டு’ என்று வருகிறது!

ஓய்வு_வாத்தியார்

அம்மா, நீங்கள் சொன்ன மூன்றுமே ஐவி இல்லை. மணி பிளான்ட் சேம்புக் குடும்பம். சுவரில் ஒட்டும் பொடி இலை ஃபைகஸ் பூமிலா, அத்திக் குடும்பம். கரிசல் சாரின் அரசங்கன்றுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கோவை பூசணிக் குடும்பம். இலை கொஞ்சம் ஐவி சாயலில் இருப்பதால் வெள்ளைக்காரன் அப்படிப் பேர் வைத்துவிட்டான். நாம் வேலியில் பறித்துப் பொரியல் செய்யும் அந்தக் கோவை ஹவாய்த் தீவில் ஒழிக்க வேண்டிய களை என்று அரசுப் பட்டியலில் இருக்கிறது.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன், மறக்கவில்லை.

குரொய்டன்_பெடியன்

வாத்தியார் சொன்ன உண்மை ஐவி இங்க இங்கிலாந்தில எங்கட வீட்டுப் பின்வேலி முழுக்க நிக்குது. நான் நட்டதில்லை, வீடு வாங்கேக்கயே இருந்தது. ஒக்ரோபரில வந்து பாக்கோணும், வேற பூ எல்லாம் முடிஞ்ச நேரம் இது மட்டும் மஞ்சள் பச்சையாப் பூத்து வேலியே இரையும். ஐவிப் பூவை நம்பியே வாழுற ஒரு தேனீ இனமே இருக்குது. அது இங்க 2001இலதான் முதல் முதலாப் பாத்தவை. பிறகு தை, மாசிக் குளிருக்க கறுப்புப் பழம் வரும், குருவியளுக்குக் கொண்டாட்டம். ஆக்கள் சாப்பிடக்கூடாது, நஞ்சு.

சுவர் பற்றிக் கேட்டியள். இங்கயும் அதே சண்டைதான். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து ஹெதர் வைல்ஸ் எண்ட பேராசிரியையின்ர குழு இங்கிலிஷ் ஹெரிட்டேஜுக்காகப் பழைய சுவர்களில வெப்பமானி எல்லாம் பூட்டி ஆராய்ஞ்சவை. முடிவு 2010 அளவில வந்தது. நல்ல நிலையில இருக்கிற சுவருக்கு ஐவி ஒரு போர்வை மாதிரி. வெயிலில கல் பெரிசாச் சுடாது, பனியில பெரிசாக் குளிராது, வாகனப் புகைத் தூசியும் இலையிலேயே தங்கீடும். ஆனா ஏற்கனவே வெடிப்பு விழுந்த சுவர் எண்டால் கதை வேற, வேர் உள்ள போய்ப் பிளக்கும்.

கரிசல்காட்டான்

அப்படியென்றால் எங்கள் ஊர்க் கோபுரத்து அரசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஓய்வு_வாத்தியார்

நல்ல கேள்வி. அரசு, ஆல் விதையைப் பறவை எச்சத்தோடு கோபுரத்து இடுக்கில் போடுகிறது. அந்த விதைக்கு நிலமே அந்தச் சுண்ணாம்புக் காரைதான். அங்கேயே உண்ண வேண்டும், குடிக்க வேண்டும், அதனால் வேரை உள்ளே செலுத்தியே ஆகவேண்டும். வேர் பருக்கப் பருக்கக் கல் நகரும். ஐவி தரையில் நிற்கிறது. சாப்பாடும் தண்ணீரும் கீழே. சுவரில் இருக்கும் பற்றுவேர் பிடிமானத்துக்கு மட்டும். இடுக்கும் ஈரமும் கிடைத்தால் அந்தப் பற்றுவேரே உண்ணும் வேராக மாறிவிடும், குரொய்டன் தம்பி சொன்ன பிளப்பு அப்போதுதான்.

பிய்த்து எடுக்கும்போதும் சேதம் உண்டு. பூச்சும் சாந்தும் கூடவே பெயர்ந்து வரும். பாஸ்டன் ஐவியைப் பிய்த்தால் ஒட்டுத்தட்டுகள் மட்டும் சுவரில் கரும்புள்ளியாகத் தங்கும், சுரண்டினாலும் லேசில் போகாது.

கோட்டைவாசல்

ஹார்வர்டில் 1980களில் பல கட்டிடங்களிலிருந்து இதைப் பிய்த்து எடுத்தார்கள். பராமரிப்புச் செலவு, செங்கல் சாந்து, ஜன்னல் சட்டம் என்று காரணம். கரிசல் அண்ணன் பார்த்த மொட்டைச் சுவர் அவர் ஒருவருக்கு நேர்ந்த அதிர்ஷ்டக் குறைவு இல்லை.

அந்தக் கற்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் முடித்துவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டம் பெற்றுப் போகும் வகுப்பு, போவதற்கு முன் கட்டிடத்தடியில் ஓர் ஐவிக் கன்றை நடும். பக்கத்தில் தங்கள் ஆண்டைப் பொறித்த கல். பிரின்ஸ்டனில் நீங்கள் பார்த்தது அதுதான். பென்சில்வேனியாவில் 1873இலிருந்து ஐவி நாள், ஐவிக் கல் என்று தொடர்கிறது. ஸ்மித் என்ற மகளிர் கல்லூரி லீக்கிலேயே இல்லை, ஆனால் அங்கேயும் ஐவி நாள் உண்டு. வெள்ளுடை உடுத்தி ஊர்வலம் போய்க் கொடி நடுவார்கள். ஹார்வர்டில் ‘ஐவி உரை’ என்று ஒன்று, கன்று நடுவதை ஒட்டி வந்த பேச்சு. அது எப்போதோ நகைச்சுவைப் பேச்சாக மாறிவிட்டது.

ஆக, கட்டிடம் பழசானதால் கொடி வந்து ஏறவில்லை. இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள் மண்வெட்டியோடு வந்து நட்டார்கள், கட்டிடம் பழசாகத் தெரிய வேண்டும், தங்கள் வகுப்பு அதில் இருக்க வேண்டும் என்று. பேராசிரியர்களும் நடவில்லை, பத்திரிகைக்காரரும் நடவில்லை. பத்திரிகைக்காரர் அதைப் பார்த்துப் பேர் மட்டும் வைத்தார். இந்த இழையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

சும்மா_வந்தவன்

நாங்க காலேஜ் முடிக்கும்போது பெஞ்சில் காம்பஸால பேர் கீறினோம். அதுவும் இதே கேஸ்தானே?

கோட்டைவாசல்

அதே கேஸ்தான். அவர்கள் கீறியது வளர்ந்தது, அவ்வளவே.

பழசாகக் காட்டும் ஆசை கொடியோடு நிற்கவில்லை. யேலில் ஹார்க்னஸ் கோபுரம் பார்த்தால் ஐநூறு வருஷம் ஆனது மாதிரி இருக்கும். கட்டியது 1917இலிருந்து 1921க்குள். ஜேம்ஸ் கேம்பிள் ராஜர்ஸ் என்ற கட்டிடக் கலைஞர். கல்லில் அமிலம் ஊற்றி மூப்பு வரவழைத்தார் என்று இன்றும் அங்கே சொல்வார்கள்.

யேல் என்றதும் சென்னைக்காரன் வாயை மூடிக்கொண்டு போக முடியாது. எலிஹு யேல் 1687இலிருந்து 1692 வரை நம் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரத்தில் சேர்த்த பணம், முறைகேட்டுப் புகார், பதவி நீக்கம் எல்லாம் இங்கேதான். அடிமை வியாபாரத்தோடும் அவர் பெயர் சேர்ந்தே வரும். 1718இல் அமெரிக்காவில் கஷ்டத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகம், ஜார்ஜ் மன்னர் படம் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரி அவர் பேரை வைத்துக்கொண்டது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் 1680இல் நடந்த முதல் கல்யாணமே அவருடையது. அங்கே போனால் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

போர்ட்லாண்ட்_பாண்டி

நான் ஓரிகன்காரன். இங்கே ஐவி என்றால் காலேஜ் நினைவு வராது, முதுகுவலிதான் வரும். போர்ட்லாண்டில் ஃபாரஸ்ட் பார்க் என்று பெரிய காடு. அதில் ஐவி தரையெல்லாம் கம்பளி விரித்த மாதிரி மூடி, வேறு எதையும் முளைக்க விடாமல் செய்தது. மரத்தில் ஏறி உச்சிக்குப் போய்விட்டால் குளிர்காலக் காற்றில் பாய் கட்டிய படகு மாதிரி மரம் சாயும். 2010இலிருந்து இந்த மாநிலத்தில் விற்கவே தடை.

சனிக்கிழமை தன்னார்வலர் கூட்டத்தோடு போய்ப் பிடுங்குவேன். அந்தக் குழுவுக்குப் பெயர் ‘நோ ஐவி லீக்’. சத்தியமாக! மரத்துக்கு இடுப்பு உயரத்தில் சுற்றி வெட்டிவிட வேண்டும், மேலே இருப்பதை இழுக்கக் கூடாது, தானாகக் காய்ந்துபோகும். கையுறை இல்லாமல் போனால் சிலருக்குத் தடிப்பு வரும்.

மாடித்தோட்டக்காரி

அது பாய்சன் ஐவியா? என் தங்கை பையன் அமெரிக்காவில் ஸ்கூல் கேம்ப் போய்விட்டு உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வந்தான்.

ஓய்வு_வாத்தியார்

இல்லை அம்மா. ஐவியின் தடிப்புக்குக் காரணம் ஃபால்கரினால் என்ற பொருள், பெரும்பாலும் லேசானது. பாய்சன் ஐவி வேறொரு குடும்பம், இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: மா, முந்திரிக் குடும்பம். அதில் இருப்பது உருஷியால் என்ற எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் கை வெந்து போகிறதே, சலவைத் துணியில் குறி போடும் சேராங்கொட்டை பட்டால் தோல் புண்ணாகிறதே, எல்லாம் இதே வகை வேதிப்பொருள்கள்தான். பாய்சன் ஐவி பட்டு ஒரு தடவை அவதிப்பட்டவர்களில் சிலருக்கு அப்புறம் மாம்பழத் தோலும் ஒத்துக்கொள்ளாது. பையனைப் பழத்தை வெட்டிச் சாப்பிடச் சொல்லுங்கள், கடித்துச் சப்ப வேண்டாம்.

நாளைய_மாணவி

வணக்கம், பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு கன்சல்டன்சி ‘ஐவி லீக் அட்மிஷன் நிச்சயம்’ என்று செமினார் போட்டார்கள். ஸ்லைடில் எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு இரண்டும் முதலில் இருந்தன. அப்பா முன்பணம் கட்டலாம் என்கிறார். மேலே படித்ததில் அந்த இரண்டு பேரும் எட்டில் இல்லையே?

கோட்டைவாசல்

இல்லை பாப்பா. இரண்டும் உலகத்தரம், ஆனால் ஐவி லீக் இல்லை. எட்டுப் பேரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் உன் விண்ணப்பத்தை எப்படிப் பார்ப்பார் என்று அப்பாவையே யோசிக்கச் சொல். ‘நிச்சயம்’ என்ற வார்த்தையைச் சேர்க்கையில் யாரும் சொல்ல முடியாது. பணம் கட்டுமுன், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் வெளிநாட்டு மாணவருக்கான நிதியுதவிப் பக்கத்தை நீயே படி. அதற்குக் கட்டணம் கிடையாது.

குரொய்டன்_பெடியன்

நல்லாச் சொன்னியள். இன்னொரு சங்கதி. ஐவி படிப்புக்கு அடையாளமாகிறதுக்கு முதல் குடிக்கு அடையாளம். பழைய இங்கிலாந்தில கள்ளுக்கடை வாசலில ஐவிக் கொத்துக் கட்டித் தொங்கவிடுவினம், இங்க வைன் இருக்கெண்டு ஆக்களுக்குத் தெரிய. கிரேக்கரின்ர வைன் கடவுள் டயோனிசஸின்ர தலையில இருக்கிறதும் ஐவி முடிதான்.

கோட்டைவாசல்

அதே முடியைக் கவிஞர்களுக்கும் சூட்டினார்கள். ஐவி, கற்றவர் நெற்றிக்குக் கிடைக்கும் பரிசு என்று ரோமாபுரிக் கவிஞர் ஹொரேஸ் பாடியிருக்கிறார், ஏசு பிறப்பதற்குக் கொஞ்சம் முந்தி. ஆகவே படிப்பு, குடி இரண்டும் ஒரே கொடியில்தான். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

சும்மா_வந்தவன்

😂 சரி, தமிழில் இதுக்குப் பேர் என்ன? ‘ஐவி’ன்னு எழுதினா ஐவர்ல பாதி மாதிரி இருக்கு. ‘மதிற்கொடி’ன்னு வைக்கலாமா?

ஓய்வு_வாத்தியார்

மதிற்கொடி என்றால் கோட்டை மதிலில் பறக்கும் கொடி என்று படிப்பான். ஐவியாகவே இருக்கட்டும். பாரி தேர் கொடுத்தது முல்லைக்குக் கொழுகொம்பு இல்லை என்று. இதற்குத் தேரும் வேண்டாம் கொம்பும் வேண்டாம், சுவர் இருந்தால் போதும்.

ஒன்று சொல்ல மறந்தேன். சின்னங்களில் மடல் மடலாக வரைகிறார்களே, அந்த இலை ஐவியின் இளம்பருவ இலை. ஏறும் பருவம் வரைதான் அந்த வடிவம். உச்சியை எட்டி வெயிலைக் கண்டதும் கொடி ஏறுவதை நிறுத்தும், பற்றுவேர் விடாது, இலையில் மடல் மறைந்து அரசிலை போல ஒற்றை முனையாகும், அப்போதுதான் பூக்கும். அந்தக் கிளையை வெட்டி நட்டால் கொடியாகாது, புதராகத்தான் வளரும். தேர்வில் இதைக் கேட்டால் நாலு மார்க்.

கரிசல்காட்டான்

இந்த இழையை மகளுக்கு அனுப்பினேன். “கல்லைப் பார்த்தாச்சு, அதற்கு மேலே கொடி இருந்ததா இல்லையா என்று பார்த்தீர்களா?” என்கிறாள். ஞாபகம் இல்லை. போட்டோவில் வீட்டம்மா மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

மாடித்தோட்டக்காரி

ஐயா, என் தொட்டி?

ஓய்வு_வாத்தியார்

தண்ணீரைக் குறையுங்கள். வேர் அழுகித்தான் இலை தொங்குகிறது. மேல் மண் காய்ந்த பிறகு விட்டால் போதும். மாடியிலிருந்து இறக்கி வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள், நேர் வெயிலே வேண்டாம். சித்திரையைத் தாண்டினால் சொல்லுங்கள். தாண்டாவிட்டால் அந்தத் தொட்டியில் கோவை போடுங்கள், அதை மாடி வெயிலிலேயே வைக்கலாம்.